ஆஷியா, ஆஷ்சியா?

கொல்கத்தாவின் நியூ டவுன் பூங்கா ஒன்றில் நீரூற்றின் பம்ப் அறைக் கதவில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. வங்காள மொழியில் கையால் எழுதியது. "இங்கே யாரும் 'ஆஷ்சி' என்று சொல்லக் கூடாது. 'உள்ளே இருக்கிறேன்' அல்லது 'வெளியே வந்துவிட்டேன்' என்று சொல்லவும்." கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். வங்காளம் பேசக் கற்ற அளவுக்கு எழுதக் கற்காத என் கையெழுத்து அது.

போன மாதம் என் மனைவி ராஜியும் நானும் அந்த நீரூற்றைப் பார்க்கப் போனோம். வேலையிலிருந்து நின்ற பிறகு, பார்க்க வந்தவனாக நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் கவிதா நம் தமிழ்ப் பெண்தான். அப்பா வங்கி அதிகாரியாக மாற்றலாகி வந்தவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். வங்காளம் என்றால் மூச்சு விடாமல் பேசுவாள்.

"அங்கிள், டேங்க் உள்ள கேமரா வெச்சாச்சு. யார் உள்ள இருக்காங்கன்னு ஸ்க்ரீன்லயே தெரியும். இந்த போர்டு இனிமே எதுக்கு? வர்றவங்கல்லாம் அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துச் சிரிக்கிறாங்க."

"தாராளமா எடுத்துடும்மா," என்றேன்.

"ஏன் எழுதினீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லது. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால கொஞ்சம் சின்னதா..."

ராஜி சிரித்துவிட்டாள். "இவருக்கா? சின்னதாவா? பால் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, பால்காரனோட மாமியார் கதையையும் வாங்கிட்டு வர்ற மனுஷர்."

அவள் சொன்னது சரி. ஆனாலும் முயன்று பார்க்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் வரும் பேச்செல்லாம் வங்காளத்தில் நடந்தது. என் காதில் அது தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

அந்த நீரூற்றுக்கு வெளியே தெரிகிற தொட்டி கிடையாது, சுவர் கிடையாது. தரையோடு தரையாகக் கருங்கல் பலகைகள், எதிரெதிராக இரண்டு வரிசை. நீங்கள் ஒரு கல்லின் மேல் நின்றால், எதிர்க்கல்லின் துளையிலிருந்து தண்ணீர் எழும்பும். எழும்பி உங்கள் உயரத்துக்கு வந்து நின்றுகொள்ளும். நீங்கள் குனிந்தால் அதுவும் குனியும். குழந்தை குதித்தால் அதுவும் குதிக்கும். வடிவமைத்தது ஒரு சிற்பி அம்மாள். ஓரத்துக் கம்பத்தில் இருக்கும் கருவி ஆளை அளக்கும், கீழே இருக்கும் பம்புகள் அதற்கேற்பத் தண்ணீரை முடுக்கும். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் எனக்குத் தெரியாது. கீழே இருப்பதுதான் என் பாடு.

மேலே நடப்பதில் எனக்கு வேலை இல்லை. ஆனால் காது இருந்தது. ஜனங்கள் அந்தக் கல்லில் நின்று சொன்னதையெல்லாம் ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். ஓர் அம்மாள் தன் கணவரிடம், "பாருங்க, உங்க உசரந்தான் இருக்கு, தொப்பை மட்டும் இல்லை. அதுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க," என்றார். உச்சிக்கொண்டை போட்ட ஒரு சிறுமி, தண்ணீர் தன் கொண்டையையும் சேர்த்து அளந்துவிட்டது என்று அழுது, கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி நின்றாள். சக்கர நாற்காலியில் ஒரு பேராசிரியர் வந்தார். தண்ணீர் அவர் உட்கார்ந்திருந்த உயரத்துக்கே எழும்பி நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உட்கார்ந்து பேசத் தெரிஞ்ச தண்ணி," என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை அந்தச் சிற்பி அம்மாள் வாங்கியிருக்க மாட்டார்.

நான் படித்தவன் இல்லை. அப்பா திருச்சியிலிருந்து ஹவுராவுக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஹவுராவிலேயே ஒரு சிறிய ஆலையின் பம்ப் அறையில் சேர்ந்தேன். திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, கட்டைப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். உள்ளே பேரிங் தேய்ந்தால் ஒரு சத்தம், காற்றுப் புகுந்தால் ஒரு சத்தம். அதைக் கேட்டுக் கேட்டே இருபது வருஷத்துக்கு மேல் போயிற்று. ஆலை மூடிய பிறகு பூங்காக்களின் பம்புகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. தினமும் வீடு இருக்கும் லேக் கார்டன்ஸிலிருந்து இரண்டு பேருந்து மாறி நியூ டவுன் போவேன். அங்கேதான் மைத்ரேயி தி எனக்கு மேலதிகாரியாக வந்தார்.

என்னைவிடப் பத்து வயது சிறியவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'தி', அதாவது அக்கா. கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸ், வாயில் எப்போதும் சோம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கண்ணை எடுக்காமல் நிற்பார். அவர் அப்படி நிற்பதற்கு, திட்டே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். தண்ணீர் திறக்கும் முன் எங்களை எண்ணுவார். வங்காளிகள் எண்ணுவது போல, கட்டைவிரலை மற்ற விரல்களின் ஒவ்வொரு கணுவிலும் வைத்துப் பெயர் சொல்லி எண்ணுவார். பெயர் சொன்னால் போதாது, முகம் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால்தான் கட்டைவிரல் அடுத்த கணுவுக்குப் போகும்.

கற்களுக்குக் கீழே ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. எங்கள் இரண்டு அறை வீட்டின் அளவு. மேலே விழுந்த தண்ணீர் வடிந்து அங்கேதான் வந்து சேரும். கூடவே சருகும் பாசியும் குழந்தைகளின் கிளிப்புகளும் சேரும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பம்புகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டு. பிறகு நிரப்பு வால்வை மூடு. தண்ணீரை வடி. இரும்பு மூடியைத் திறந்து, காற்றாடி வைத்து அரை மணி நேரம் உள்ளே காற்றை ஊது. காற்று சரியாக இருக்கிறதா என்று கருவியைக் கயிற்றில் இறக்கிப் பார். அதன் பிறகுதான் ஆள் ஏணியில் இறங்கலாம். மூடியைத் தூக்க இரண்டு பேர், இரண்டு கொக்கி வேண்டும். உள்ளிருந்து ஒருவனால் அதை அசைக்கவும் முடியாது.

இதற்கு மேல் மைத்ரேயி தி சேர்த்தது ஒன்று. இறங்குகிறவன் தன் இடது கால் செருப்பை, வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் மேடையில் வைத்துவிட்டு இறங்க வேண்டும்.

"ரெண்டு செருப்பையும் வெச்சா என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இருந்தா, வெறுங்காலோட எங்கேயோ போயிருக்கான்னு நினைச்சுடுவீங்க. ஒத்தைச் செருப்பை விட்டுட்டு எவனாவது வீட்டுக்குப் போவானா?"

அந்த மேடைக்கு மேலேதான் விஸ்வகர்மா படம் மாட்டியிருந்தது. சாமிக்கு முன்னால் செருப்பா என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். மைத்ரேயி தி அதற்கும் வழி சொன்னார். "சாமியை எதிர்ச் சுவருக்கு மாத்துங்க. அங்கேயிருந்தும் அவருக்குத் தெரியும்," என்றார். அன்று முதல் மேடையில் செருப்பு இருந்தால் வால்வில் யாரும் கை வைக்க மாட்டோம்.

தொட்டியில் இறங்குகிறவன் நித்தாய். நாற்பது வயது, ஒல்லி, சோனார்பூரிலிருந்து ரயிலில் வருவான். உள்ளே தேய்க்கும்போது பாடுவான். "கீழே பாடினா என் குரல் நல்லா இருக்கு தாதா, மேலே வந்தா கெட்டுப்போயிடுது," என்பான். தாதா என்றால் இங்கே அண்ணன்; பெயரோடு சேர்த்தால் வெறும் 'தா', அப்படி நான் சுப்பு தா.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். நம் வீடுகளில் புறப்படும்போது "போறேன்" என்று சொன்னால் அம்மா கதவருகே நிறுத்திவைப்பாள். "வரேன்னு சொல்லிட்டுப் போ." வங்காளிகளும் அப்படியே. புறப்படுகிறவன் "போகிறேன்" என்று சொல்ல மாட்டான். "ஆஷி" என்பான், அதாவது வருகிறேன். வீட்டில் இருப்பவர் "ஏஷோ" என்பார், வா என்று. இந்த ஊரில் எனக்கு முதலில் சொந்தமாகத் தெரிந்த வழக்கம் அதுதான். ஆனால் "ஆஷ்சி" என்று இன்னொன்று இருக்கிறது. அழைத்த குரலுக்கு "இதோ வந்துட்டே இருக்கேன்" என்பது அது. புறப்படும்போதும் சிலர் அதையே சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு 'ச்'தான் வித்தியாசம். நமக்கோ இரண்டுமே "வரேன்"தான்.

அது ஒரு சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேருந்தில் மதியத்துக்கு மேல் வருவதாக இருந்தது. அந்த வாரம்தான் அலுவலகத்திலிருந்து நித்தாய்க்குப் புது ரப்பர் பூட்ஸ் வந்திருந்தது. காலை நீட்டி நீட்டிக் காட்டினான். "பாருங்க தாதா, மைத்ரேயி தி கால் மாதிரியே இல்லை?" செருப்பு இரண்டும் அவன் பைக்குள் போய்விட்டது, பை சாமான் அறைக்குள் போய்விட்டது. மேடையில் வைக்க அவனிடம் எதுவும் இல்லை. இது எனக்கு அன்று தோன்றவே இல்லை. பாதுகாப்புக்கென்று வந்த பூட்ஸ், இருந்த பாதுகாப்பைக் கழற்றிவிட்டது.

காலையிலேயே அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். மைத்துனன் கல்யாணம், வேலை முடிந்ததும் அப்படியே ரயிலுக்கு ஓடிவிடுவேன் என்று.

பேருந்துகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டன. பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் நான் வால்வு மேடையிலிருந்து கத்தினேன். "நித்தாய், ஆயிடுச்சா?"

நாற்பதடி தள்ளி, தரையிலிருந்து அவன் தலை மட்டும் எழும்பியது. முகமெல்லாம் பாசி. கையை ஆட்டி ஏதோ சொன்னான், எனக்குக் கேட்டது கடைசி வார்த்தை மட்டும்தான். நான் "ஏஷோ, ஏஷோ!" என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, பம்ப் மின்சாரத்தின் பூட்டைத் திறக்க உள்ளறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டியின் மூடி மூடியிருந்தது. நித்தாயும் ஷிபுவும் மூடிவிட்டார்கள், அவன் ரயிலுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். ஷிபு என்பவன் காவலாள். பிள்ளைகள் ஓடிவந்து விழுந்துவிடுவார்களே என்று பயந்து, உள்ளே பாட்டுச் சத்தம் கேட்காததால், தோட்டக்காரனைக் கூப்பிட்டு மூடியைப் போட்டிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. மேடையைப் பார்த்தேன். காலி. வால்வின் சக்கரத்தைச் சுற்றினேன். குழாயில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பிள்ளைகளுக்காக ஒலிபெருக்கியில் பாட்டும் போட்டுவிட்டார்கள்.

சற்று நேரத்தில் மைத்ரேயி தி வந்தார். பேருந்துகளைப் பார்க்கப் போனவர்.

"தண்ணி விட்டாச்சா, சுப்பு தா?"

"விட்டாச்சு மேடம். பத்து நிமிஷத்துல ரெடி."

கட்டைவிரல் முதல் கணுவுக்குப் போனது. "நீங்க. ஷிபு, அதோ இருக்கான். எலக்ட்ரீஷியன், இருக்கார்." நான்காவது கணுவில் விரல் நின்றது. "நித்தாய்?"

"அவன் போயாச்சு மேடம். கல்யாணம்."

"பார்த்தீங்களா?"

"சொல்லிட்டுப் போனான்."

"என்ன சொன்னான்?"

"வரேன்னு... ஆஷ்..."

"ஆஷியா, ஆஷ்சியா?"

கேட்டுவிட்டு, வழக்கம் போல நின்றார்.

நான் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். பாசி, ஆட்டிய கை, அசைந்த உதடு எல்லாம் வந்தது. அந்த ஒரு சத்தம் மட்டும் வரவில்லை. பம்புக்குள் ஒரு பேரிங் தேய்ந்தால் கண்டுபிடிக்கிற காது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். ஒரு 'ச்' இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதை நான் கேட்டவுடனேயே தமிழாக்கி "வரேன்" என்று உள்ளே போட்டுக்கொண்டு, மேலுறையைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

"தெரியலை மேடம்," என்றேன்.

சொல்லும்போதே என் கை சக்கரத்தை மூடிக்கொண்டிருந்தது. அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். "ஷிபு, கொக்கி!" என்று நான் கத்தியது என் குரல் போலவே இல்லை.

ஷிபுவும் நானும் கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கினோம். ஒரு சாண் திறந்ததும் இடுக்கில் நான்கு விரல்கள் வந்தன. பிறகு தேய்க்கும் பிரஷின் கட்டை. அதன் பிறகு நித்தாயின் தலை. ஏணியின் உச்சிப் படியில் குந்தி உட்கார்ந்திருந்தான். இருட்டிலிருந்து வந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் தாதா, இன்னும் ஒரு மூலை இருக்கு, இதோ வரேன்னுதானே சொன்னேன்? வரேன்னு சொன்னவன் தலையிலயா தண்ணியை விடுவீங்க?"

'ஆஷ்சி'யாம். 'ச்' இருந்திருக்கிறது.

அவனை வெளியே இழுத்துப் புல்லில் உட்கார வைத்தோம். உள்ளே தண்ணீர் முழங்காலைத் தாண்டி இருந்தது. மூடி விழுந்ததுமே கத்தியிருக்கிறான், பிள்ளைகளின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் வந்ததும் முதலில் எங்கோ கசிகிறது என்று நினைத்து, குழாய் வாயை கம்ச்சாத் துண்டால் அடைக்கப் பார்த்திருக்கிறான். எனக்கு உதவி செய்வதாக நினைத்து! துண்டு பறந்து போன பிறகுதான் ஏணிக்கு ஓடியிருக்கிறான். மூடியைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போயிருக்கிறது. மேலே ஒலிபெருக்கியில் யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. "இதுல ரெண்டு கெளுத்தி வளர்க்கலாம் போலிருக்கே," என்றான். ஷிபு சிரித்தான். நானும் சிரித்தேன், எனக்கு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அவன் தலையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்ன தாதா, காய்கறி வாங்குற மாதிரி அமுக்கிப் பார்க்குறீங்க?" என்றான். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மைத்ரேயி தி பள்ளி ஆசிரியைகளிடம் ஆள் அனுப்பினார். "தண்ணி இன்னும் தூங்கி எழுந்திருக்கலைன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, அரை மணி நேரம் ஆகும்." நித்தாய்க்கு இனிப்பு டீ வாங்கிக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டி, வண்டி வைத்துக் கல்யாணத்துக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

நடந்ததை எழுதினேன். ஆளைப் பார்க்காமல் வால்வைத் திறந்தேன் என்று முதல் வரி. அடுத்து பூட்ஸ் வந்தது, செருப்பு பைக்குள் போனது, ஷிபு மூடியது, ஒலிபெருக்கி, பேருந்து முன்னதாக வந்தது, எல்லாம் எழுதி ஒரு பக்கம் நிரப்பினேன். நான் எழுத எழுத என் வங்காளத்தைத் திருத்திக்கொண்டே வந்த மைத்ரேயி தி, முடிவில் பேனாவை எடுத்து முதல் வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"கோட்டுக்குக் கீழே இருக்கிறது பாதி என்னோடது, பாதி ஷிபுவோடது. பூட்ஸ் கொடுத்தவ நான். செருப்புக்குப் பதிலா என்னன்னு யோசிச்சிருக்கணும். உங்களோடது மேலே இருக்கிற ஒரு வரிதான். அதுல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ராஜியிடம் சொன்னபோது, அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த நித்தாய் இனிமே அதுக்குள்ள இறங்குவானா? நீங்க மேலே நிக்கும்போது?" என்றாள்.

அதுதான் என்னைத் தின்றது. அவன் இறங்க மாட்டேன் என்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை. நான் நிற்பதால் இறங்க மாட்டேன் என்றால், நான் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வாரம்தான் பலகையை எழுதி மாட்டினேன். மாட்டிய பிறகும் மனது ஆறவில்லை. மைத்ரேயி தியிடம் போய், வால்வை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். "நித்தாய் வரட்டும், அவன்கிட்ட கேட்கலாம்," என்றார்.

கல்யாணம் முடிந்து வந்தான். என்னிடம் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. பயம்.

பதினைந்தாம் நாள் வந்தது. மின்சாரத்தைப் பூட்டினோம், தண்ணீரை வடித்தோம், காற்றாடி ஓடியது. எல்லோரும் மூடியைச் சுற்றி நின்றோம். யாரும் நித்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பிரஷைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூடிப் பக்கம் வரவில்லை. நேராக வால்வுக்குப் போனான்.

இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். வால்வின் நடு நட்டைக் கழற்றினான். சக்கரத்தை இரண்டு தட்டு தட்டி உருவினான். சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புச் சக்கரம். புது கம்ச்சா ஒன்றை விரித்து, அதில் சக்கரத்தை வைத்து முடிந்து முதுகில் தொங்கவிட்டுக்கொண்டான்.

ஷிபுவால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன நித்தாய், விஷ்ணு வேஷமா?"

"தாதாவுக்கு பாஷைத் தகராறு இருக்கு இல்லையா?" என்றான் நித்தாய், என்னைப் பார்த்தே. "சக்கரம் என்கிட்ட இருந்தா அவர் எந்த பாஷையில வேணும்னாலும் புரிஞ்சுக்கட்டும்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கோபம் வரும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது வேறு. சக்கரம் இல்லாத வால்வு வெறும் இரும்புத் தண்டாக நின்றது. பேருந்து முன்னதாக வரலாம், ஒலிபெருக்கி பாடலாம், நான் எதை எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். அவனாக மேலே வந்து முதுகிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரை என்னால் விட முடியாது. பூங்காவில் யாராலும் முடியாது. பதினைந்து நாளாக நெஞ்சுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தேன். அது தானாகத் தளர்ந்தது.

அவன் ஏணியில் இறங்கினான். கீழே போய்ச் சேர்ந்ததும் பாட ஆரம்பித்தான். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மூடியருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே கீழே அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது.

மைத்ரேயி தி வந்து வால்வைப் பார்த்தார். சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுப்பு தா, கை சும்மா இருக்கு போலிருக்கே?"

"ஆமா மேடம். சும்மாதான் இருக்கு."

"ரொம்ப நல்லது," என்று சொல்லி, கொஞ்சம் சோம்பை என் உள்ளங்கையில் போட்டுவிட்டுப் போனார்.